நாற்பத்தொன்றாம் நம்பர் பஸ் மாலையில் தாமதமாவது ஏன்?

அன்புள்ள அக்காவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே, உன் அறைத்தோழியிடம்கூட. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு, உன் காலில் விழுந்து கேட்கிறேன். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதும் கடிதங்களில் எல்லோரும் நலம் என்றுதான் தொடங்குவேன். இதை அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அம்மா நலம், நான் நலம். அப்பாவைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

வகுப்பில் ஆளுக்கொரு ஆய்வுக் கட்டுரை. நான் ‘போக்குவரத்து’ என்று தலைப்பு கொடுத்தேன். ஏம்மா, சைக்கிள்லேருந்து ராக்கெட் வரைக்கும் எழுதப் போறியா, நான் ரிடையர் ஆகறதுக்குள்ள படிச்சு முடிக்கணுமே என்று டீச்சர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். ‘நம் ஊர் பஸ்கள்’ என்றேன், அதையும் அடித்தார். ஒரு மாதத்துக்குள் நாமே பார்த்துப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஒரு கேள்வி மிஞ்சும்வரை குறுக்கிக்கொண்டே போக வேண்டுமாம். என் பக்கத்தில் உட்காருகிறவள் பிரபஞ்சத்தில் தொடங்கி இப்போது அவர்கள் வீட்டுக் குளியலறை எறும்பில் வந்து நிற்கிறாள். நான் நாற்பத்தொன்றாம் நம்பர் பஸ்ஸில் நின்றேன். அப்பா ஓட்டும் பஸ் என்பதில் கொஞ்சம் பெருமையும்கூட. ஆளைப் பார்க்காதே, வண்டி எண்ணையும் நேரத்தையும் மட்டும் குறி என்று டீச்சர் சொன்னதால், பள்ளி எதிரிலுள்ள நிறுத்தத்தில், அந்த நம்பரில் ஓடும் நாலு வண்டிகளையும் மூன்று வாரம் அப்படியே குறித்தேன். திங்கட்கிழமை நோட்டைப் பார்த்தவர் ஒரு எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார். பகல்ல நாலு வண்டியும் ஒண்ணுபோல வருது, இருட்டினா இது மட்டும் பன்னெண்டு நிமிஷம் லேட்டு, ஏன் இந்த ஒரு வண்டி, இதுதாண்டி உன் தலைப்பு என்று முதுகில் தட்டினார். அது அப்பாவின் வண்டி. டீச்சருக்கு அது தெரியாது. இருபது வருஷத்தில் இவ்வளவு அழகாக யாரும் குறுக்கவில்லையாம். மாதக் கடைசியில் டிப்போ மேலாளரையே அழைத்து, அவர் முன்னால் என்னை வாசிக்கச் சொல்லியிருக்கிறார்.

ஏன் என்பது எனக்குத் தெரியும். இருட்டினால் அப்பாவுக்குக் கண் தெரிவதில்லை. போன வாரம் மாடிப்படியில் நின்ற என்னைக் கீழ்வீட்டுக்காரர் என்று நினைத்து, என்ன சார், இன்னும் தூங்கலையா என்றார். இல்லைங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னால், மெதுவா ஓட்டறாரு, நல்லதுதானே என்று பேச்சை மாற்றுகிறாள்.

இதை வாசித்தால் அப்பாவுக்கு வேலை போய்விடும். அதனால் மறுபடியும் ‘போக்குவரத்து’ என்றே எழுதிக் கொடுத்து பூஜ்யம் வாங்கலாம் என்று நேற்றுவரை நினைத்தேன். சைக்கிளுக்கும் ராக்கெட்டுக்கும் நடுவில் அப்பாவை யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இன்று டியூஷன் முடிந்து அந்த பஸ்ஸில்தான் வந்தேன். எண்ணிப் பார்த்தேன், ஐம்பத்திரண்டு பேர். ஒரு பெண் நின்றுகொண்டே தூங்கினாள். பூஜ்யம் வாங்கினால் சரியாகிவிடாது, அக்கா.

டீச்சரிடம் போவதற்கு முன்னால் அப்பாவிடம் நோட்டைக் காட்டலாம் என்றிருக்கிறேன். தனியாகக் காட்டப் பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது அப்பாவைக் கூப்பிடச் சொல்லி, கண் டாக்டரைப் பார்க்கச் சொல், பகல் வண்டி மட்டும் கேட்டு வாங்கச் சொல். நீ சொன்னால் அதட்ட மாட்டார். நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு

யாரோ தட்டுகிறார்கள். முதல் தட்டு சுவரில் விழுந்தது. இரண்டாவதுதான் கதவில்