நீச்சல் அணியைக் கலைத்தார்கள்

என் கண்ணே,

மூன்று நாளாக நீ போனை எடுக்கவில்லை. அதனால் இதை உன் தோழி மேரனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நம் கல்லூரிக் கால்பந்து அணியை தேசியப் போட்டிகளின் மேல் பிரிவுக்குக் கொண்டுபோக, பயிற்சியாளனாக ஒன்பது வருடம் தவம் கிடந்தேன். டகோட்டா மாநிலமே நிமிர்ந்து பார்க்கும் என்று நினைத்தேன். மேலே போனால் இன்னும் இருபத்திரண்டு ஆட்டக்காரர்களுக்கு உதவித்தொகை தர வேண்டும். அந்தப் பணத்துக்காக உங்கள் நீச்சல் அணியைக் கலைப்பதென்று கல்லூரிக் குழுக் கூட்டத்தில் முடிவானது.

நேற்று மேரன் என்னை வழிமறித்தாள். "பெத்த பொண்ணையே கவுத்துட்டீங்களே, கோச்! அவ ரூமை விட்டு வெளியவே வரல."

நேராகக் கல்லூரித் தலைவர் லோர்னாவிடம் போனேன்.

"நீச்சல் அணியைக் கலைக்காதீங்க. இல்லேன்னா நான் வேலையை விடறேன்."

"யோசிச்சுதான் பேசறீங்களா?"

"ஆமா."

லோர்னா எழுந்து என் கையைக் குலுக்கினார். "வருத்தமாத்தான் இருக்கு. வேற கோச் பார்த்துக்கறோம்."

அவ்வளவுதான். என் வேலையும் போனது, உன் அணியும் திரும்பவில்லை.

இன்னொன்று. கூட்டத்தில் எதிர்த்துப் பேசினேன் என்று உன் அம்மாவிடம் சொன்னது பொய். "உங்க பொண்ணும் அந்த டீம்லதானே இருக்கா?" என்று லோர்னா கேட்டார். "அவ சமாளிச்சுக்குவா" என்று சொல்லி, கலைக்கலாம் என்று முதலில் கை தூக்கியவன் நான்தான். இதை வேறு யாரும் உனக்குச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும்.

உன் விடுதி வாசலில், காரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எங்கே போவதென்று தெரியவில்லை. என்னைத் திட்டுவதற்காவது இறங்கி வாம்மா.

உன் அப்பா