எந்த ஆறுச்சாமியை நிறுத்துவது

தேன்மலைப் பொழுதுபோக்குப் பூங்கா, பொள்ளாச்சி
அலகு 1: இயக்கக் குறிப்பு
எழுதுபவர்: பிலோமினா, குரல் பொறியாளர்

அக்டோபர் 6, 2043. காலை 9:10

அலகு 1 என்ற மனித உருவ இயந்திரம் வந்து சேர்ந்தது. உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். எடை எழுபத்தொரு கிலோ. பூங்காவை நிறுவிய ஆறுச்சாமியின் அளவுகள். அவர் பதினான்கு மாதங்களுக்கு முன் எண்பத்தொரு வயதில் இறந்தார். வேட்டி, அரைக்கைச் சட்டை, இடுப்பில் வாக்கி-டாக்கி எல்லாம் போட்டே அனுப்பியிருக்கிறார்கள்.

மழைக்காலப் பராமரிப்புக்காகப் பூங்கா மூடியிருக்கிறது. இந்த அலகை வாசலில் நிறுத்தலாமா கூடாதா என்று இருபதாம் தேதி அறங்காவலர்கள் ஐந்து பேரும் வாக்களிப்பார்கள். அதுவரை இதை இயக்கிப் பார்த்து, பார்த்ததை உள்ளபடி எழுதுவது என் வேலை. இந்தக் குறிப்பு அவர்களுக்காக.

மூட்டுகள் சரி. கண்கள் சரி. குரல் இன்னும் ஏற்றவில்லை.

அக்டோபர் 7. காலை 11:30

ஆறுச்சாமி பூங்காவை வாக்கி-டாக்கியில்தான் நடத்தினார். பாதுகாப்பு விதிப்படி 2009 முதல் அதில் பேசிய ஒவ்வொரு சொல்லும் பதிவாகியிருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றினால் ஒரு வாக்கியம் ஐம்பது வயதுக்காரர் பேசுவதாகவும் அடுத்தது எண்பது வயதுக்காரர் பேசுவதாகவும் வருகிறது. அதனால் இரண்டாகப் பிரித்தேன்.

முதல் பதிவு: 2013. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது.

இரண்டாம் பதிவு: கடைசி இரண்டு ஆண்டுகள். அப்போது ஞாபகம் மங்கி, பூங்கா மதிலுக்குப் பின்னால் இருக்கும் வீட்டிலேயே படுத்திருந்தார். வாக்கி-டாக்கியை மட்டும் கையிலிருந்து விடவில்லை. மூன்றாம் சேனலை அவருக்கென்றே ஒதுக்கிவிட்டார்களாம்.

இரண்டாம் பதிவில் இரைச்சல் குறைவு. அதனால் அதை முதலில் ஏற்றுகிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

அக்டோபர் 8. காலை 10:05

நிறுவனரின் மனைவி மயிலாத்தாள் வந்தார். வயது எழுபத்தேழு. அறங்காவலர்களில் ஒருவர். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவே வந்ததாகச் சொன்னார். அலகின் ஒலிப்பதிவிலிருந்து:

"ஒருக்கா எரிச்சாச்சுங்க அம்மிணி. மறுக்கா எதுக்கு எந்திரிச்சு நிக்க வெக்கறீங்க?"

அலகு தலையைத் திருப்பியது.

"மயிலு, சாப்டயா?"

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் இல்லீங்க."

"போய்ச் சாப்புடு. நான் எங்கயும் போகல."

இரண்டு மணி நேரம் இருந்தார். எழுதிக் கொடுக்காமலே போய்விட்டார்.

அக்டோபர் 12. பகல் 12:40

தினமும் பத்து மணிக்கு மயிலாத்தாள் வருகிறார். பேச்சு இருபது நிமிடம் ஓடுகிறது. பிறகு அலகு எல்லாவற்றையும் மறந்து, சாப்பிட்டாயா என்று முதலிலிருந்து தொடங்குகிறது. இதைச் சரிசெய்ய முடியும் என்றேன்.

"வேண்டாங்க. மறந்து மறந்து கேக்கட்டும். இந்த ரெண்டு வருசந்தான் இவரு ஊட்ல இருந்தாரு" என்றார்.

அலகு என்னை ஸ்டெல்லா என்று கூப்பிடுகிறது. வீட்டில் அவரைக் கவனித்துக்கொண்ட நர்சின் பெயர் அது. நான்கு முறை திருத்தினேன். ஐந்தாவது முறை, "சொல்லுங்கய்யா" என்றேன். இயக்குபவர் இப்படிச் செய்யக்கூடாது. எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 13. பகல் 12:20

மகள் சுகந்தி வந்தார். பூங்காவின் நிர்வாக இயக்குநர். அலகை நிறுத்த வேண்டும் என்று முதலில் கேட்டவர் இவர்தான். அலகு அவரைப் பார்த்து எழுந்து நின்றது.

"நீங்க யாருங்க அம்மிணி? டிக்கெட் வாங்கிட்டீங்களா?"

சுகந்தி வெளியே போனார். வாசலில் நின்றுகொண்டு வாக்கி-டாக்கியில் என்னை அழைத்தார்.

"பிலோமினா, கேக்குதா? அதை எடுத்துட்டு இன்னொண்ணப் போடுங்க. அது எங்கப்பா இல்ல. எங்கப்பாவுக்கு வந்த சீக்கு. ரெண்டு வருசம் நான் உள்ள வரும்போதெல்லாம் இதையேதான் கேட்டாரு."

அக்டோபர் 13. மாலை 3:50

முதல் பதிவு ஏற்றப்பட்டது. அலகின் முதுகு நிமிர்ந்தது. நடை வேகம் இருமடங்கு. கண் நேராகச் சுகந்தியிடம் போனது.

"சுகந்தி, ராட்டினத்துல நாலாவது பொட்டி கிரீச்சுங்குது. நீயே போய்ப் பாரு. ஆள அனுப்பாத."

அந்த ராட்டினத்தை மாற்றி ஒன்பது வருடம் ஆகிறது. சுகந்திக்கு அது தெரியும். ஐம்பத்துநான்கு வயதுப் பெண் மழையில் ஓடினார். தொப்பலாக நனைந்து திரும்பி வந்தார்.

"பாத்துட்டேன்ப்பா. இப்ப செரியா இருக்குது."

"ம்."

அவ்வளவுதான் சொன்னது. சுகந்தி வெகுநேரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மின்பணியாளர் கன்னியப்பன் முப்பது வருடமாக இங்கே இருப்பவர். அலகு நிமிர்ந்ததும் அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பிறகு என்னிடம் வந்து, "உசுரோட இருந்தப்ப இவருக்குப் பயந்தேன். போனதுக்கப்பறமும் பயப்படோணுங்களா?" என்று கேட்டார்.

அக்டோபர் 16. மாலை 4:40

கட்டடத்தில் நான் மட்டும். அலகு சார்ஜ் மேடையில் உட்கார்ந்திருந்தது. செயலில் இருந்தது முதல் பதிவு. வாய் அசையவில்லை. என் வாக்கி-டாக்கியில், மூன்றாம் சேனலில் குரல் வந்தது.

"ஸ்டெல்லா, ஊட்டுக்கு எப்பப் போலாம்?"

இரண்டாம் பதிவை நான் முழுதாக நிறுத்தவில்லை. உடலிலிருந்துதான் எடுத்திருக்கிறேன். மூன்று நாட்களாக அது உடல் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. பேசிக்கொண்டிருக்கிறது. சேனல் பதிவேட்டைத் திறந்தேன். 412 அழைப்புகள்.

409 அழைப்புகளுக்குப் பதில் போயிருக்கிறது. நிறுவனரின் வீட்டிலிருக்கும் கருவியிலிருந்து. மயிலாத்தாள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நிறுத்தவேண்டும். நிறுத்தவில்லை. "நாளைக்குப் போலாம்யா" என்று நானும் பதில் சொன்னேன். பதில் 410.

அக்டோபர் 20. பகல் 1:15

அறங்காவலர் கூட்டம். கூட்டப் பதிவிலிருந்து தேவையானதை மட்டும் எடுத்து எழுதுகிறேன்.

சுகந்தி: "வாசல்ல நின்னு ஒவ்வொருத்தரையும் கூப்புட்டவரு எங்கப்பா. அந்த மனுசனத்தான் சனங்க தேடுது. வழி தெரியாம முழிக்கற ஒருத்தரக் கொண்டுபோய் நிறுத்தச் சொல்றீங்களா?"

மயிலாத்தாள்: "வாசல்ல நீ யாரை வேணாலும் நிறுத்திக்க. அவரை எனக்குக் குடுத்துரு. கை காலு வேண்டாம். மூணாம் சேனல் போதும்."

சுகந்தி: "அம்மா, நீ நாள் பூரா அந்தப் பொட்டியோட பேசிட்டிருக்கற. அது சாப்டயான்னு கேக்குது, நீ சாப்டேங்கற. ஆனா சாப்புடறதில்ல. சோத்துப் பானை அப்படியே இருக்குது. அப்பா போனப்ப நீ அழுது முடிச்சு எந்திரிச்சு வந்த. இப்பத்தான் நீயும் அவரு பின்னாடியே போயிட்டிருக்கற."

என்னிடம் கருத்துக் கேட்டார்கள். தொழில்நுட்ப முறையில் இரண்டு பதிவுகளும் நன்றாக இயங்குகின்றன என்றேன். வேறு எதையும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நான்குக்கு ஒன்று. முதல் பதிவு வாசலில் நிற்கும். இரண்டாம் பதிவை நகல் இல்லாமல் அழிக்க வேண்டும்.

அக்டோபர் 22. காலை 10:00

அழிப்பதற்கு முன் ஒரு மணி நேரம் வேண்டும் என்று மயிலாத்தாள் கேட்டிருந்தார். நேரில் வருவார் என்று நாற்காலி போட்டு வைத்தேன். வரவில்லை. வீட்டிலிருந்தே பேசினார். மூன்றாம் சேனலில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐம்பது நிமிடம் இருவரும் அதிகம் பேசவில்லை. மழைச் சத்தம் வந்துகொண்டிருந்தது. கடைசிப் பகுதி:

"மயிலு, சாப்டயா?"

"சாப்டேனுங்க. நீங்க கண்ண மூடுங்க."

"ஸ்டெல்லா எங்க?"

"இங்கதான் இருக்கறா."

"ஸ்டெல்லா?"

"இருக்கேன்யா" என்றேன்.

"செரி."

காலை 11:00

ஆணை கொடுத்தேன். உறுதிதானா என்று திரை கேட்டது. உறுதி என்று அழுத்தினேன். நான்கு நிமிடம் ஆனது. கோப்புகள் அழியும் வரிசையை நான் முன்பே பார்த்திருக்கவேண்டும். சொற்கள் முதலில் போயின, குரல் கடைசியில். மூன்றாவது நிமிடத்தில் அது கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தது, பெயர் இல்லாமல், வெறும்...

வீட்டிலிருந்த கருவியை மயிலாத்தாள் அணைக்கவில்லை. கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். பதிவேடு அப்படித்தான் சொல்கிறது.

அக்டோபர் 27. மாலை 5:05

மூன்றாம் சேனலில் இரைச்சல். ஈரம்தான். ஆன்டெனா மாற்றினேன். இரைச்சல் போகவில்லை. அந்தச் சேனலை மூடிவிடலாம் என்கிறார் கன்னியப்பன். திறந்தே வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் சொல்ல என்னிடம் காரணம் இல்லை.

நவம்பர் 14. காலை 10:40

பூங்கா திறந்தது. நல்ல கூட்டம். அலகு 1 வாசலில் நிற்கிறது. எத்தனை பேர் என்று கேட்கிறது, நிழலில் வரச் சொல்கிறது, அழுகிற குழந்தைக்குக் குனிகிறது. பழைய வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் அதன் காலைத் தொட்டார்கள். சுகந்தி என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளில் அவர் முகத்தில் இன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

மயிலாத்தாள் வந்தார். அலுவலக வழியாக வராமல் சனங்களோடு வரிசையில் நின்று வந்தார். புதுச்சேலை. அலகுக்கு நேர் எதிரே வந்ததும் நின்றார். ஒலிப்பதிவு:

"வாங்கம்மா. எத்தன பேருங்க?"

"ஒருத்திதானுங்க."

"வெயில்ல நிக்காதீங்க. அந்தப் பக்கமாப் போயிருங்க."

அடுத்த குடும்பத்தின் பக்கம் திரும்பிவிட்டது.

சுகந்தி வாக்கி-டாக்கியை வாய்வரை கொண்டுபோனார். பிறகு அதை இடுப்பில் மாட்டிக்கொண்டார்.

பகல் 2:15

முதல் பதிவு முழுவதிலும் தேடினேன். 2013, முந்நூற்றறுபத்தைந்து நாட்கள். மயிலாத்தாள், மயிலு: ஒருமுறைகூட இல்லை. ஊட்ல என்ற சொல் 212 இடங்களில். திறந்து கேட்டேன். அத்தனையும் ஒரே வாக்கியம், காவலாளிக்குச் சொன்னது.

"ஊட்ல சொல்லீருங்க, இன்னிக்கு வரல."

சுகந்தியை வைத்துச் சோதித்தேன். கன்னியப்பனை வைத்துச் சோதித்தேன். முப்பத்தொரு ஊழியர்களை வைத்துச் சோதித்தேன். மயிலாத்தாளை வைத்துச் சோதிக்கவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை. இன்னொன்றை அழித்த பிறகு தோன்றி என்ன?

மாலை 4:30

அறங்காவலர்களுக்கான குறிப்பு இருபதாம் தேதியோடு முடிந்துவிட்டது. இதை இனி இந்த அலகைத் திறக்கப்போகிறவருக்கு எழுதுகிறேன். நீங்கள் யாரோ. உங்களிடம் இந்த இரண்டு ஆறுச்சாமிகளில் ஒருவர் குரல்தான் இருக்கும்.

மயிலாத்தாள் இவ்வளவு நேரமும் வாசலுக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து அலகையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க அம்மிணி" என்றார். "அச்சு அசலா அவரேதான்."

எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

அலகு 1: குரல் சரி. நடத்தை சரி. பிழை இல்லை.

பிலோமினா.