கொண்டை போட்ட பாஞ்சாலி

ஜூன் 14, 2020

எழுந்ததும் முதல் வேலையாகச் சமையலறைச் சுவரில் இருந்த திருவிழா நோட்டீஸைக் கிழித்தேன். பாதி கிழித்ததும் மனசு வரவில்லை. சோற்றுப் பருக்கை வைத்து மறுபடி ஒட்டினேன்.

எலவனாசூர்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் பங்குனியில் பாரதக் கூத்து. துகிலுரிதல் முடிந்ததும் ஊரடங்கு வந்துவிட்டது. பாஞ்சாலி கூந்தலை விரித்துப் போட்டுச் சபதம் செய்தாள். துரியோதனன் செத்து, அவள் அதை முடிகிற படுகளம் நடக்கவே இல்லை. கடைசி நாள் ஆட்டம் பார்க்காமல் நான் விமர்சனம் எழுதுவதில்லை. டீச்சர் வேலைக்கு நடுவே பத்திரிகையில் நான் எழுதும் பக்கம் காலி.

தைரியநாதனுக்கு இது தமாஷ். "கடையே தொறக்கல, நீ எதுக்குடி தராசத் தூக்கிக்கினு நிக்குற?" கணவன்மார் வாய்க்கு மட்டும் ஊரடங்கு கிடையாது.

ஜூன் 29

பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். "மேடை இல்லன்னா என்ன மேடம், ஆன்லைன்ல கூத்து வருதே. அதைப் பார்த்து எழுதுங்க." வேடியப்பன் ஆடியதாம். பங்குனியில் பாதியில் நின்ற கூத்திலும் அவர்தான் பாஞ்சாலி; அந்த வேஷத்துக்கு இந்தப் பக்கம் அவரை விட்டால் ஆளில்லை. சரி என்றேன்.

ஜூலை 3

பார்த்தேன்.

மூங்கில்துறைப்பட்டில் ஒரு காலிக் கொட்டகை. எதிரே ஜனம் இல்லை, செல்போன். கட்டியக்காரன் யாரைக் கேலி செய்வது என்று தெரியாமல் தூணைப் பார்த்துப் பேசுகிறான். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சபதம் முடிந்த கையோடு வேடியப்பன் கொண்டை போட்டுப் பூ வைத்துக்கொள்கிறார்! துரியோதனன் எங்கே? ரத்தம் எங்கே? கீழே 'மீண்டு வருவோம்' என்று எழுத்து ஓடுகிறது.

அவருக்கு டோப்பா கிடையாது, சொந்த முடி. சபத நாளிலிருந்து படுகளம் வரை கொண்டை போடவே மாட்டார். கரும்பு வெட்டப் போனாலும் துண்டால் சுற்றிக்கொண்டுதான் போவார். அது அவருடைய விரதம். அதைக் கலைக்கச் சொன்னது எந்த நாய்?

ஜூலை 4

எழுதி அனுப்பிவிட்டேன். 'கொண்டை போட்ட நொடியில் பாஞ்சாலி செத்துப்போனாள்' என்று தொடங்கினேன். ஒரு வரியும் மழுப்பவில்லை.

ஆகஸ்ட் 5

பத்திரிகை வந்தது.

என் முதல் வரி இல்லை. குறை சொன்ன ஒரு வரிகூட இல்லை. வேடியப்பன் குரலைப் பற்றி எழுதிய இரண்டு வாக்கியம் மட்டும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவது எல்லாம் யாரோ எழுதியது. 'அவர் கூந்தலை முடிந்தபோது என் கண்கள் கலங்கின.' என் கண்களா? அடியில் என் பெயர் — பவுலின்.

ஆசிரியரைக் கூப்பிட்டேன். "பாவம் மேடம், கஞ்சிக்கே கஷ்டப்படறாங்க. இப்பப் போய் குறை சொன்னா ஜனங்க நம்மளத்தான் திட்டுவாங்க. ஆறுதலா நாலு வார்த்தை. அவ்வளவுதானே?"

அவ்வளவுதானா? அரிசிப் பை கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆட்டத்தை ஆட்டமாகப் பார்க்க நான் ஒருத்திதான் இருந்தேன். அதையும் பிடுங்கிக்கொண்டார். பாவம் பார்க்கிறாராம், பாவம்!

ஆகஸ்ட் 9

மத்தியானம் வேடியப்பன் போன். கல்வராயன் மலையில் மரவள்ளிக்குக் களை எடுக்கப் போயிருக்கிறார். சிக்னலுக்காக வெள்ளிமலை வரை நடந்து வந்து பேசினார்.

"டீச்சரம்மா, நீங்க எழுதுனத நம்ம வூட்டுக்காரி காசியம்மா படிச்சிக் காட்டுச்சி. இன்னாங்க அது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "செல்போன்ல படம் புடிக்கிறவங்க வண்டி வெச்சிக் கூட்டிக்கினு போனாங்க. முடிவு சந்தோசமா இருக்கணும், கொண்டைய முடிஞ்சிடுன்னாங்க. முடிஞ்சிட்டேன். வூட்டுக்கு வந்து அவுத்துப் போட்டுட்டு நாலு நாளு சோறு எறங்கல. டீச்சரம்மா கிழிக்கப் போவுதுன்னு பாத்துக்கினு இருந்தா, நீங்க இன்னொரு மொழம் பூ வெச்சி வுட்டுட்டீங்க."

"அண்ணே, அது நான் எழுதினதே இல்லை. மாத்திட்டாங்க."

"உங்க பேரு தானங்க போட்டிருக்குது?"



ஆகஸ்ட் 10

மறுப்பு போடுங்கள் என்று ஆசிரியருக்கு எழுதினேன். கும்பிடுகிற கை படம் ஒன்று அனுப்பினார்.

செப்டம்பர் 20

மறுப்பு வரவே இல்லை. இனி அந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதமாட்டேன். வேறு எங்கே எழுதுவேன்? எங்கேயும் இல்லை. தைரியநாதன் தராசு பேச்சை எடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானாகவே போய் டீ போட்டார்.

மார்ச் 21, 2021

திருவிழாவுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. கொடியேற்றி முதலிலிருந்து ஆடுகிறார்கள். இன்று இரவு துகிலுரிதல்.

காலையில் கடைத்தெருவில் வேடியப்பனைப் பார்த்தேன். தலையில் இன்னும் துண்டு. "வாங்க டீச்சரம்மா" என்றார். மரியாதை இருந்தது. முன்பெல்லாம் 'நல்லாயில்லன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க' என்பார். இன்று அதைச் சொல்லவில்லை.

ஆசிரியரும் கூப்பிட்டார். 'மேடை திறந்தது' என்று மகிழ்ச்சியாக ஒரு பக்கம் வேண்டுமாம். போனை வைத்துவிட்டேன்.

கூத்துக்கு நடுவே அன்பளிப்பு கொடுப்பவர்களின் சீட்டைக் கட்டியக்காரன் மைக்கில் படிப்பான். எல்லாம் பாராட்டுத்தான். குறை சொல்லி இதுவரை யாரும் சீட்டு கொடுத்ததில்லை. ஆனால் கொடுத்ததைக் கொடுத்தபடி படிக்க வேண்டும் என்பது வழக்கம். எந்த ஆசிரியரும் நடுவில் கிடையாது. படித்த பிறகு அவன் சும்மாவும் விடமாட்டான். ஊர் சிரிக்க என்னை உரித்துவிடுவான். உரிக்கட்டும். பதிலுக்குப் பேச ஆள் இருக்கிற இடத்தில்தான் குறை சொல்ல வேண்டும்.

சீட்டு எழுதிவிட்டேன். 'போன வருஷம் செல்போனுக்காக வேடியப்பன் கொண்டை போட்டது தப்பு. அதைப் பாராட்டி என் பெயரில் வந்தது பொய். — பவுலின்.'

தைரியநாதன் வாசலிலிருந்து, "இன்னாடி, வெறும் கூத்துக்கா பட்டுப் புடவை?" என்கிறார்.

ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.