படித்ததும் அழித்துவிடு

4 மார்ச் 2024

கொட்டாவிக்கு,

இவ்வளவு காலம் வாய் மூடி இருந்தது போதும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். பதினேழு வருடம் ஆகிறது.

நீ அனுப்பிய அழைப்பு வந்தது. "இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் பத்தாண்டின் அடையாளம் எந்தச் சமூக வலைத்தளம்? முந்நூறு சொற்களுக்குள், பெயருடனும் புகைப்படத்துடனும்." ஐம்பது பேருக்கு அனுப்பிய நகல்தான். அடியில் எனக்கென்று தனியாக ஒரு வரி: "கமா, நீ எழுதினா நல்லா இருக்கும்டா." அந்த 'டா'வைப் பார்த்துத்தான் பேனாவை எடுத்தேன். பாசத்தில் அல்ல. மின்னஞ்சலில் பதில் போட்டால் நீ உடனே பதிலுக்குப் பதில் போடுவாய். தபால் என்றால் நான் முழுதாகப் பேசி முடிக்கலாம்.

அழைப்போடு நீ இணைத்த தளங்களின் பட்டியலில் ஃபேஸ்புக் முதலில் இருக்கிறது. இணைப்பிதழ் ஆசிரியர் ஆகியும் உனக்கு வரிசை தெரியவில்லை. அந்தப் பத்தாண்டு கிளம்பிப் பாதி வழி போனபின் ஓடிவந்து ஏறியது ஃபேஸ்புக். ட்விட்டர் அதற்கும் பிறகு படியில் தொற்றிக்கொண்டது. மைஸ்பேஸ் பாட்டுக்காரர்களின் கடை. வலைப்பூக்கள், எழுதத் தெரிந்தவர்கள் எழுதத் தெரிந்தவர்களைத் திட்டிக்கொண்ட இடம். நம் போன்றவர்களுக்கு ஆர்குட்தான். நமக்கு எத்தனை நண்பர்கள் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக எண்ணிப் பார்த்தது அங்கேதான். எண்ணியதோடு விட்டோமா, மார்க்கும் போட்டோம். 'நம்பத்தகுந்தவர்' என்பதற்கு மூன்று சிரித்த முகம்வரை கொடுக்கலாம். உனக்கு நான் மூன்றும் கொடுத்திருந்தேன்.

நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. நாம் மூவரும் ஒரே அறையில் இருந்தோம். துவைக்கும் இயந்திரத்துக்கும் தண்ணீர் பம்புக்கும் இயக்கக் கையேடு தயாரிக்கிற அலுவலகம். நீ மொழிபெயர்ப்பாய், நான் திருத்துவேன், அவள் படம் போடுவாள். படக்காரி என்று அவளுக்குப் பெயர் வைத்ததும் நீதான். அலுவலகத்தில் ஆர்குட் திறக்காது. ஆகவே மதியச் சாப்பாட்டு நேரத்தில் முறை வைத்து நம் இருவரில் ஒருவர் மாடிப்படிக்குக் கீழே இருந்த பிரவுசிங் சென்டருக்கு ஓடுவோம். போகிறவன் இருவர் பக்கத்தையும் திறந்து படித்து, இருவருக்குமாகப் பதிலும் எழுதிவிட்டு வர வேண்டும். அதனால் உன் கடவுச்சொல் எனக்கும் என்னுடையது உனக்கும் தெரியும்.

தனிச்செய்தி அனுப்ப அங்கே யாருக்கும் பழக்கமில்லை. பக்கத்தில் ஒட்டும் ஸ்க்ராப் என்றால் ஊரே படிக்கும். எனவே ரகசியத்தை டெஸ்டிமோனியலாக, அதாவது நண்பனுக்குத் தரும் நற்சான்றாக அனுப்புவோம். வாங்கியவன் ஏற்றால்தான் வெளியே தெரியும். "இதை ஏற்காதே, படித்ததும் அழித்துவிடு" என்று முதல் வரியிலேயே எழுதுவது வழக்கம். அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் எழுதினேன். சனிக்கிழமை மதியத்துக்குள் நம் அலுவலகத்தில் பதினோரு பேர் அதைப் படித்துவிட்டார்கள். அவளும்.

வெள்ளி மாலையே மனசு கேட்காமல் நானே உன் பக்கத்துக்குள் போய் அதை நிராகரிக்கப் பார்த்தேன். அழுத்தினேன், பக்கம் வெள்ளையாகி நின்றுவிட்டது. சென்டர் அக்கா, "சார், பூட்டணும்" என்றாள். எழுந்து வந்துவிட்டேன். அதன்பின் நீதான் எங்கிருந்தோ திறந்து, படிக்காமலே ஏற்றிருக்கிறாய்.

அவளைக் கட்டிக்கொள்ள நினைத்திருந்த நான் பிறகு யாரையும் பெண் பார்க்கவில்லை. நீ ஆசிரியன் ஆகிவிட்டாய். இப்போது எந்தத் தளம் சிறந்தது என்று என்னிடமே கேட்கிறாய்.

இப்படிக்கு,
ஒரு காலத்தில் உன் நண்பன்

•

13 மார்ச் 2024

அன்புள்ள கமா,

உன் கடிதத்தைப் பிரித்ததும் என் மனைவி கேட்டாள், "யாருங்க இது, கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி நாலு பக்கம்?" அதைவிட மோசம் என்றேன். கையெழுத்து அப்படியே இருக்கிறது. ஒரு கால்புள்ளிகூட இடம் மாறவில்லை.

நலமாக இருக்கிறாயா? நீ கேட்கமாட்டாய், நானே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சர்க்கரை. கொட்டாவி மட்டும் குறையவில்லை. ஆர்குட் பற்றி நீ எழுதியது அத்தனையும் சரி. அந்தப் பத்தியை அப்படியே அச்சுக்கு அனுப்பலாம் போல இருந்தது.

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். நீயே கிளறிவிட்டாய். அந்த வியாழன் மாலை நான் பஸ் ஏறியது எங்கே? ஊரில் என் அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அந்த ஊரில் போன் பேசவே மொட்டைமாடி ஏற வேண்டும். திங்கள் காலை நேராக அலுவலகம் வந்தேன். நடைவழியில் எல்லார் முன்னாலும் நீ என்னை அறைந்தாய். எதற்கு என்று எனக்கு அப்போது தெரியாது. மதியம் சென்டருக்குப் போய்ப் பார்த்தபின்தான் தெரிந்தது.

என் பக்கத்தின் சாவி இரண்டு பேரிடம்தான் இருந்தது. ஒருத்தன் மொட்டைமாடியில் நின்றுகொண்டு "கேக்குதா, கேக்குதா" என்று கத்திக்கொண்டிருந்தான்.

என் பங்கும் உண்டு, அதையும் சொல்கிறேன். புதன்கிழமை விளையாட்டுக்கு என் பக்கத்தின் மொழியைப் போர்த்துகீசியத்துக்கு மாற்றி வைத்தேன். ஆர்குட்டில் பாதிக் கூட்டம் அந்தப் பாஷைதானே. கமா திறந்து பார்த்து முழிக்கட்டும் என்று. உன்னிடம் சொல்ல மறந்து பஸ் ஏறிவிட்டேன். ஊருக்கெல்லாம் எந்தப் பொத்தானை அழுத்து என்று எழுதிக் கொடுத்துப் பிழைத்தவர்கள் நாம்.

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ இருந்த இருப்புக்கு, என்னைத் திட்டியாவது நிமிர்ந்து நில் என்று விட்டேன். ஒரு வாரம் போகட்டும் என்று நினைத்தேன். நீ வேலையை விட்டுப் போய்விட்டாய்.

கட்டுரை இருபத்தைந்துக்குள் வேண்டும்.

என்றும் உன்,
கொட்டாவி

•

16 மார்ச் 2024

ஆசிரியர் அவர்களுக்கு,

கதை நன்றாக ஜோடிக்கிறீர்கள். அக்கா, ஆஸ்பத்திரி, மொட்டைமாடி, போர்த்துகீசியம். பதினேழு வருடம் கழித்துச் சாட்சி இல்லாத இடத்தில் எதையும் சொல்லலாம். அந்தத் தளமும் மூடியாகிவிட்டது. யார் சரிபார்க்கப் போகிறார்கள்?

அவள் வேலையை விட்டுப் போன அன்று அவள் மேசையைப் பார்த்தவன் நான். பம்பின் பாகங்களைப் பிரித்துக் காட்டும் படம். பதினான்குவரை எண் போட்டிருந்தாள். பதினைந்தாவதுக்கு அம்பு மட்டும் இருந்தது. பேனாக்களை எடுத்துக்கொண்டு, எதிரே இருந்த என்னைப் பார்க்காமலே போனாள். அதற்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும். நான் ஏற்கமாட்டேன்.

கட்டுரை கிடையாது.

— கமா என்று நீங்கள் அழைத்தவன்

•

20 மார்ச் 2024

அன்புள்ள கமா,

'நீங்கள்' எல்லாம் வேண்டாம்டா. அறைந்ததைவிட அது வலிக்கிறது.

சாட்சி கேட்டாய். அவள் இருக்கிறாள். எட்டு வருடமாக எங்கள் இணைப்பிதழுக்குப் படம் போடுகிறாள். உனக்குச் சொன்னால் வம்பு என்று சொல்லவில்லை. அவளுடைய அப்பா போன வருடம்தான் தவறினார். கடைசிவரை அதே விடுதியில். ஞாயிறு தவறாமல் போய்ச் சவரம் செய்துவிட்டு வருவாள்.

முதல்நாள் அவள் வந்தபோதே சொல்லிவிட்டேன், "அத அழுத்தினது நான் இல்லம்மா." அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பென்சில் சீவிக்கொண்டே சொன்னாள்: "யார் அழுத்தினா எனக்கென்ன? எழுதினது யாருன்னு மேலயே பேரும் போட்டோவும் இருந்துச்சே."

பிறகு இதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. போன வாரம் அழைப்புப் பட்டியலைப் பார்த்தாள். "அவர் எழுதுறாரா?" என்றாள். தெரியாது என்றேன். "எழுதினா, எனக்கு முதல்ல காட்டுங்க." அவ்வளவுதான். கோபமாகச் சொன்னாளா, வேறு எப்படியாவது சொன்னாளா, எனக்குப் பிடிபடவில்லை.

என்மேல் என்ன வேண்டுமானாலும் எழுது. ஆனால் எழுது. பெயர் போட்டு எழுது.

உன்,
கொட்டாவி

•

23 மார்ச் 2024

அன்புள்ள கொட்டாவி,

இந்த ஊரில் எனக்கு ஒரு அறை, ஒரு மேசை. இன்னமும் மற்றவர்கள் எழுதியதைத்தான் திருத்துகிறேன். வந்ததிலிருந்து உன் கடிதம் அந்த மேசையில்தான் இருக்கிறது. திருத்துவதற்கு அதில் ஒன்றுமில்லை.

முதல் கடிதத்தில் நான் எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். உன் பக்கம் வேறு மொழியில் இருந்தது எனக்கு அன்றே தெரியும். திறந்ததும் தெரிந்தது. ஏற்க ஒன்று, நிராகரிக்க ஒன்று என்று இருந்த இரண்டு பொத்தான்களில் எது எது என்று தெரியாமல், என் பக்கத்தில் அவை இருக்கும் இடத்தை வைத்துக் குத்துமதிப்பாக ஒன்றை அழுத்தினேன். பக்கம் வெள்ளையாகி நின்றது. அதுவும் உண்மைதான். ஆனால் அது திரும்பி வந்தது. வந்தபோது என் படமும் என் எழுத்தும் உன் முகப்பில் இருந்தன. சென்டர் அக்கா பூட்ட வேண்டும் என்றது அதற்குப் பிறகு. 'ஒரு நிமிஷம்' என்று நான் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். கேட்கவில்லை. உன் கணக்குக்குள் இருப்பதால் எனக்குத் தெரிகிறது, வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது என்று சொல்லிக்கொண்டேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். திங்கட்கிழமை உன்னை அறைந்தபோது என் கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அதனால்தான் அவ்வளவு பலமாக விழுந்தது.

இதைக்கூட ஒப்புக்கொண்டுவிடலாம். தவறு யாருக்கும் வரும். எழுதினது யாரென்று அவள் சொன்னாளே, அதற்குத்தான் வருகிறேன். பின்படிக்கட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவள் என்னிடம் மட்டும் சொன்னாள்: "அப்பா வெளிநாட்டுல இல்ல. மனநல விடுதியில இருக்கார். உங்ககிட்ட மறைக்க வேணாம்னு தோணுச்சு." நான் அவள் டம்ளரையும் வாங்கிக் கழுவி வைத்தேன். பெரிய மனிதனைப் போல, "அதனால என்ன" என்றேன். மறுநாள் உனக்கு என்ன எழுதினேன்? 'நல்ல பொண்ணுதான், ஆனா ரத்தத்துல இருக்குமோன்னு பயமா இருக்கு. அம்மாகிட்ட எப்படிச் சொல்றது? கழண்டுக்கலாமா?' இதில் எந்த வரியை நீ எழுதினாய்? உன்மேல் கோபத்தை வளர்த்துக்கொண்டே போனால் அந்த வரிகளைத் திரும்பப் படிக்கத் தேவையில்லாமல் இருந்தது.

கட்டுரையை இதோடு வைத்திருக்கிறேன். இருநூற்றுத் தொண்ணூறு சொல். அந்தப் பத்தாண்டின் அடையாளம் ஆர்குட் என்றுதான் எழுதியிருக்கிறேன். அதற்கு முன்பும் நாம் கோழைகளாகத்தான் இருந்தோம், ஆனால் யாரும் படித்ததில்லை. முதல் தடவையாகப் படித்தார்கள் என்பதுதான் என் காரணம். ஒருவன் ஒரு பெண் நம்பிச் சொன்னதை நண்பனிடம் கொட்டினான், தானே ஊருக்குத் திறந்துவிட்டான், பழியை நண்பன்மேல் போட்டுவிட்டு ஒளிந்துகொண்டான் என்று எழுதியிருக்கிறேன். அவள் சொன்னது என்னவென்று எழுதவில்லை.

பெயர் போட்டு எழுது என்கிறாய். நேற்று போட்டுப் பார்த்தேன். போட்டோவையும் எடுத்து வைத்தேன். பார்க்க நேர்மையாகத்தான் இருந்தது. நாலு பேர் பாராட்டிக் கடிதம்கூடப் போடுவார்கள். ஆனால் அந்தப் பதினோரு பேரும் எங்கேயோ உட்கார்ந்து உன் பேப்பரைப் படிக்கிறவர்கள்தான். என் பெயரைப் பார்த்தால் அவள் பெயர் தானாக நினைவுக்கு வரும். அவள் அப்பாவை மறுபடி ஒருமுறை விடுதியிலிருந்து நடுத்தெருவுக்கு இழுத்துவந்தவன் ஆவேன். இந்த முறை நூறு பிரதியா, ஆயிரமா என்று எண்ணக்கூட முடியாது.

பெயரில்லாததை நீங்கள் அச்சில் ஏற்றுவதில்லை என்று தெரியும். ஏற்ற வேண்டாம். அவள் கேட்டபடி அவளிடம் முதலில் காட்டு. படித்துவிட்டு அவள் கிழித்துப் போட்டால் அதுதான் அதற்குச் சரியான இடம். படம் போடச் சொல்லி மட்டும் கேட்காதே.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். எழுதி எழுதி அடித்துவிட்டேன். எதை எழுதினாலும் திருத்தி எழுதியதைப் போலவே இருக்கிறது. உன் அக்கா இப்போது எப்படி இருக்கிறார்கள்? அதை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

உறையில் உன் முகவரி எழுதியாகிவிட்டது. அனுப்புநர் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். கட்டுரையின் அடியிலிருந்த பெயரை அடித்துவிட்டுப் புதிதாகப் படி எடுத்தேன். இந்தக் கடிதத்தின் கீழும் எதுவும் எழுதப் போவதில்லை. இரண்டையும் கையெழுத்தில்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.