கழுவி அனுப்பிய நார்

கஃப்ர் ஸமாஹா, 9 மே 1996

அன்புள்ள தவ்லத் அக்காவுக்கு,

உங்கள் தம்பி மனைவி இன்ஷிராஹ் எழுதுவது. எல்லோரும் நலம் என்று பொய் எழுத மாட்டேன். மகள் ரிஹாபுக்கு இன்னும் வயிற்றுவலி. நாலு வயதுக்காரி, பேசிய பேச்சையெல்லாம் மறந்துகொண்டே வருகிறாள். ரத்தத்தில் ஈயம் குறைந்தால்தான் உண்டு என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். பேட்டரி உருக்கும் பட்டறையோ இன்னும் புகைகிறது.

உங்கள் ஆய்வுக்கூடத் திட்டத்தில் நீங்கள் அனுப்பும் பேரீச்சை நாரைப் பீப்பாயில் அடைத்து, பம்புத் தண்ணீரை அதன் வழியாகத்தான் விடுகிறோம். "எங்கக்கா அமிலத்துல பக்குவம் பண்ணின நாரு, ஈயத்தைப் புடிச்சா விடாது" என்று ஊரெல்லாம் முஸ்அத் பெருமையடிக்கிறார். வியாழன்தோறும் பழைய நாரை உங்கள் சோதனைக்காக மினிபஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பையை நாருடன் மட்டும் திருப்பி அனுப்பினால் நமக்கு அழகா? மேலே இருப்பது நம் கொல்லை முலூக்கியாக் கீரை.

கைகளை முத்தமிடும்,
இன்ஷிராஹ்

கெய்ரோ, 25 மே

கண்ணே இன்ஷிராஹ்,

கீரைக்கு நன்றி. வாரம் இரண்டு நாள் அதுதான் சமைக்கிறேன்.

ஒரு சங்கடம். நீ அனுப்பிய எட்டுப் பை நாரையும் சோதித்தோம். எதிலும் ஈயமே இல்லை. தண்ணீர் சுத்தம், இல்லையென்றால் நார் உதவாது என்கிறார்கள் மேலதிகாரிகள். இரண்டில் எதுவானாலும் திட்டத்தை மூடிவிடுவார்கள். அவசரத்தில் பம்பிலிருந்து நேரே பிடிக்கிறீர்களா? கோபிக்காமல் உண்மையை எழுது.

தவ்லத்

கஃப்ர் ஸமாஹா, 6 ஜூன்

அக்கா,

கோபம்தான். பிள்ளை குடிக்கும் தண்ணீரில் நான் ஏமாற்றுவேனா? ஒரு சொட்டும் நார் வழியாக இல்லாமல் வரவில்லை.

நாரில்தான் என்ன குறை? படித்தவர்கள் கைக்குப் போவதை அழுக்காக அனுப்பலாமா என்று, ஒவ்வொரு முறையும் வினிகர் ஊற்றிக் கசக்கி, மூன்று தண்ணீரில் அலசித்தான் கட்டுகிறேன். அலசிய தண்ணீரையும் வீணாக்குவதில்லை, கீரைப் பாத்திக்கு ஊற்றிவிடுவேன். ரிஹாப் இப்போது வேறெதையும் தொடுவதில்லை. முலூக்கியா ஒன்றுதான் இறங்குகிறது. ஆனாலும் முன்னைவிட மோசமாகத்தான் இருக்கிறாள்.

இன்ஷிராஹ்

கெய்ரோ, 12 ஜூன்

இன்ஷிராஹ்,

இதை டிரைவரிடமே கொடுத்தனுப்புகிறேன். பாத்தியைப் பிடுங்கிவிடு. அந்தக் கீரையை இனி ரிஹாப் வாயில் வைக்காதே.

நார் பிடித்த ஈயத்தை வினிகர் கழற்றிவிடும். நாங்களும் அமிலம் விட்டுத்தான் அதை எடுப்போம். வாரக்கணக்கில் தண்ணீரிலிருந்து சேர்ந்ததெல்லாம் அந்தப் பாத்திக்குப் போயிருக்கிறது. வீட்டில் மிச்சமிருந்த கீரையைச் சோதித்துப் பார்த்தேன். அதிலிருந்த ஈய அளவை எழுதக் கை வரவில்லை.

கழுவாதே என்று ஒரு வரி நான் எழுதியிருக்க வேண்டும். அது தெரியாதவர் உண்டா என்று இருந்துவிட்டேன். தப்பு என்னுடையது. போன திங்கள் திட்டத்தையும் மூடிவிட்டார்கள். காரணத்தைச் சொல்லிக் கெஞ்சினேன், யாரும் கேட்கவில்லை. இனி நார் வராது.

உன் பாவி அக்கா,
தவ்லத்

கஃப்ர் ஸமாஹா, 27 ஜூன்

அக்கா,

பீப்பாயை வந்து எடுத்துப்போய்விட்டார்கள். மறுபடி பம்புத் தண்ணீர்தான். பாத்தியைப் பிடுங்கி மண்ணையும் வெட்டியெடுத்தேன். எங்கே கொட்டுவது என்று தெரியாமல் அது கொல்லையிலேயே குவிந்து கிடக்கிறது.

முஸ்அத்திடம் நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். நாருக்குச் சக்தி போதவில்லை என்றே அவர் நினைத்துக்கொள்ளட்டும். உங்களைத் திட்டுகிறார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரிஹாபுக்கு மற்ற பேச்சு எல்லாம் போய்விட்டது. ஒரு சொல்தான் மிச்சம். காலையில் என் அங்கியைப் பிடித்து இழுத்து, "கீர, கீர" என்கிறாள்.

எனக்கு இனி எழுதாதீர்கள். உங்கள் பையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதைக் கழுவவில்லை. உள்ளே எதுவும் வைக்கவுமில்லை.

இன்ஷிராஹ்