மைக்கில் ஒட்டியிருந்த கறுப்பு டேப்

நேற்று ஆட்டம் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது என் ஹெட்செட் உயிரை விட்டது. வலது காதில் கரகர சத்தம், இடது காதில் அதுவும் இல்லை. வேறு வழி தெரியாமல், மூன்று வருடமாகப் பைக்குள் சும்மா சுமந்து திரியும் உன் ஹெட்செட்டை எடுத்து மாட்டினேன். காதுப் பஞ்சில் இன்னும் உன் தேங்காய் எண்ணெய் வாசனை. தலை வழிய எண்ணெய் தடவிக்கொண்டு வந்து உட்காராதே என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன்! நல்லவேளை, நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

எங்கள் அணியில் இப்போது ஐந்து பேரும் பெண்கள். நான்தான் மூத்தவள். பக்கத்து நாற்காலியில் இருந்தவள் கடைக்குட்டி. பச்சைமலையிலிருந்து வந்து இங்கே விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் கண்ணில் அது உடனே பட்டுவிட்டது.

"அக்கா, மைக்குல எதுக்கு கறுப்பு டேப்பு சுத்தி வச்சிருக்கீங்க?"

"நான் சுத்தலம்மா. அது பெரிய கதை. மேட்ச் முடியட்டும், சொல்றேன்."

அவளிடம் சொல்வதற்கு முன் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அதில் உனக்குத் தெரியாத ஒரு துண்டு இருக்கிறது.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறதே, அதே கேமிங் சென்டர் மாடியில்தான் இன்றும் ஆடுகிறோம். கீழே இருந்த பப்ஸ் கடை மட்டும் மோமோ கடையாகிவிட்டது. நீ பார்த்தால் துக்கம் கொண்டாடுவாய். கல்லூரி விட்டதும் நான் கைலாசபுரம் பஸ்ஸை விடுவேன், நீ ஸ்ரீரங்கம் பஸ்ஸை விடுவாய். இரண்டு வீட்டுக்கும் 'ஸ்பெஷல் கிளாஸ்' என்று ஒரே பொய். கம்ப்யூட்டரில் ஐந்து பேருக்கு எதிராக ஐந்து பேர் சுட்டுக்கொள்ளும் ஆட்டம். நான் சுடுவேன், எதிரி எங்கே வருகிறான் என்று நீ சொல்வாய்.

அந்த ஆட்டத்தில் வரும் பாலைவன ஊரின் மூலை முடுக்குகளுக்கு எல்லோரும் இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தார்கள். உனக்கு அதெல்லாம் ஆகவில்லை. உயரமான வெள்ளைக் கட்டடத்துக்கு வெள்ளைக் கோபுரம் என்றாய். தண்ணீரில்லாத கால்வாய் கொள்ளிடம். அதில் இறங்கும் படிக்கட்டு அம்மா மண்டபம். "கொள்ளிடத்துல ஒருத்தன் வந்துண்டிருக்காண்டி!" என்று நீ பதறும்போது எனக்குச் சிரிப்பில் கை ஆடிக் குறி தவறும். துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே உன் வீட்டுத் தமிழைக் கேட்டுவிட்டு யாரால் நேராகச் சுட முடியும்?

அணிக்கு வேண்டிய மற்ற மூன்று பேர் இணையத்தில் சேரும் முகம் தெரியாத பையன்கள். அவர்கள் காதில் விழும்படி நீ முதன்முதலாகப் பேசிய நாள் நினைவிருக்கிறதா? "டேய், பொண்ணுடா!" என்றான் ஒருவன். அவ்வளவுதான், ஆட்டம் போயிற்று. அவன் உன் நம்பரைக் கேட்டான். இன்னொருவன் சண்டையை விட்டுவிட்டு உனக்குக் காவலாகப் பின்னாலேயே வந்தான். மூன்றாமவன் போய் தோசை சுடச் சொன்னான். "மாவு தீந்து போயிடுத்து. நீங்க வந்து அரைச்சுக் குடுங்கோ, சுடறேன்" என்றாய், மரியாதை துளியும் குறையாமல். மூன்று பேரும் வெளியேறிவிட்டார்கள். நாம் தோற்றோம்.

மறுநாள் நீ இன்சுலேஷன் டேப்போடு வந்தாய். உன் மைக்கில் ஒரு சுற்று, என் மைக்கில் ஒரு சுற்று. "தப்பித் தவறிக்கூட குரல் வெளியில போகப்படாது." அதற்குப் பிறகு எல்லாம் மேசையில் விரலால் தட்டுவதுதான். ஒரு தட்டு இடது, இரண்டு தட்டு வலது, மூன்று தட்டு பின்னால். பலகை அதிர்வதை முழங்கையிலேயே வாங்கிக்கொள்ள எனக்குப் பழகிவிட்டது. பையன்களுக்குச் சொல்ல வேண்டியதை நீ தட்டச்சு செய்வாய். புதிதாகச் சேர்ந்த மூன்று பேர் நம்மோடேயே நிலைத்துவிட்டார்கள். "அண்ணே, செம" என்று எழுதுவார்கள். "நன்றி தம்பி" என்று பதில் எழுதிவிட்டு நீ துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு குலுங்குவாய். இப்படியே மூன்று வருடம்.

அந்தத் தம்பிகள்தான் திருச்சியில் நடந்த போட்டிக்கு நம்மைக் கூப்பிட்டார்கள். ஜெயிக்கும் அணியிலிருந்து சென்னையின் முழுநேர அணி ஒன்று ஆள் எடுக்கும் என்று பேச்சு. இதையே வேலையாக வைத்துக்கொண்டு வாழலாம். நம் இருவருக்கும் அதைவிடப் பெரிய ஆசை ஏதும் இருக்கவில்லை. மண்டபத்தில் போய் நின்றோம்.

"அண்ணனுங்க வரலையா?" என்று கேட்டான் ஒருவன்.

"நாங்கதான் அண்ணனுங்க" என்றாய்.

நல்ல பிள்ளைகள். நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

அங்கே போட்டி நடத்தியவர்களே ஹெட்செட் கொடுத்தார்கள். மைக்கில் டேப் இல்லை. வரிசையில் நீ அந்தக் கோடி, நான் இந்தக் கோடி, ஆளுக்கொரு தனி மேசை. இறுதி ஆட்டத்தின் கடைசிச் சுற்றில் நம் பக்கம் நான் மட்டும் மிச்சம், எதிர்ப்பக்கம் ஒருவன் மிச்சம். சுடப்பட்டவர்கள் ஆட முடியாது, ஆனால் திரையைப் பார்க்கலாம், பேசலாம். அவன் வெள்ளைக் கோபுரத்தைச் சுற்றி எனக்குப் பின்னால் வருவதை நீ மட்டும் பார்த்துவிட்டாய். மூன்று தட்டு தட்டினாய். மறுபடி மூன்று. உன் தண்ணீர் பாட்டில் சாய்ந்து உருளும் அளவுக்குத் தட்டினாய். மைக் உன் உதட்டுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் இருந்தது. நான் நேராகவே நடந்து போய் முதுகில் குண்டு வாங்கினேன்.

"பொண்ணுங்களுக்கு ரிஃப்ளெக்ஸ் பத்தாதுடா" என்று பின்வரிசையில் ஒருவன் சொன்னான். நீ திரும்பினாய். "ரிஃப்ளெக்ஸ் நன்னாத்தான் இருக்கு. மூணு வருஷமா வாயத் தொறக்காம ஆடிப் பழகினோம், அந்தப் பழக்கம் தோத்துது" என்றாய். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் அன்று புரியவில்லை.

பத்து நாள் நான் உன்னோடு பேசவில்லை. பதினோராம் நாள் கைலாசபுரத்துக்கு அக்காரவடிசல் டப்பாவோடு வந்து நின்றாய். "கோவமா இருந்தா இரு. இத சாப்ட்டுட்டுக் கோவமா இரு." நெய் ஒழுக ஒழுகத் தின்றுகொண்டே கோபமாக இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

போன மாதம் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார்: "ஏங்க, இந்த கேம்ல டாப்ல லேடீஸே காணோமே, கை வேகம் பத்தாதோ?" நீ சொல்வதையே சொன்னேன். பெரிய அணிகள் பயிற்சி ஆட்டம் தொடங்கும் நேரமும் பெண்கள் விடுதி கதவைப் பூட்டும் நேரமும் ஒன்று. கதவைத் தாண்டி வந்தால் மைக்கில் தோசை கேட்கிறார்கள். இதையெல்லாம் தாண்டியவர்களை எண்ண ஒரு கை விரல்களே அதிகம். கையில் என்ன குறை என்றேன். அவர் டீ ஆறிவிட்டது என்று போய்விட்டார்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு வாரக் காய்ச்சலில் நீ போனாய். உன் அம்மா இந்த ஹெட்செட்டை என் கையில் கொடுத்து, "ரெண்டு பேரும் இத மாட்டிண்டு சிரிச்சுண்டே இருப்பேளேம்மா" என்றார். ஸ்ரீரங்கத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் அந்த டேப்பைப் பார்த்துக்கொண்டே வந்தேன். காவிரிப் பாலத்தில் போகும்போதுதான் உறைத்தது. அன்று எனக்கு முன்னாலும் ஒரு மைக் இருந்தது. "எங்கடி அவன்?" என்று நானும் கேட்டிருக்கலாம். ஒரே ஒரு கேள்வி. எனக்கும் தோன்றவில்லை. பழி முழுவதையும் உன் தலையில் போட்டுவிட்டுப் பத்து நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தேன். மன்னித்துக்கொள். உனக்குத் தெரியாத துண்டு இதுதான்.

நேற்று ஆட்டம் தொடங்குமுன் அந்த டேப்பை உரித்தேன். ஜெயித்தால் சென்னையில் மாநில இறுதிப் போட்டி. கடைசிச் சுற்று வரை இழுத்தது. நான் சுடப்பட்டுவிட்டேன், எல்லோரும் போய் மலைக்காரப் பெண் மட்டும் மிச்சம். வெள்ளைக் கோபுரத்தைச் சுற்றி (நீ வைத்த பெயர்களைத்தான் எங்கள் அணி இன்றும் சொல்கிறது) ஒருவன் அவள் முதுகுப் பக்கம் வந்தான். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? மேசையில் தட்டிக்கொண்டிருந்தேன். மூன்று தட்டு.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் கத்தினாள்: "தட்டாதீங்கக்கா! வாயத் தொறந்து சொல்லுங்க!"

"வெள்ளைக் கோபுரம்! பின்னாடி வந்துண்டிருக்காண்டி!"

அவள் சுழன்று திரும்பினாள். அவன் விழுந்தான். அடுத்த மாதம் சென்னைக்குப் போகிறோம்.

கூச்சல் எல்லாம் அடங்கிய பிறகு அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அக்கா, நீங்க ஸ்ரீரங்கமா?"

"இல்லம்மா, கைலாசபுரம்."

"அப்புறம் எப்படி அந்த மாதிரி பேசினீங்க?"

கட்டைவிரலில் டேப்பின் பசை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கூடவே ஒருத்தி வந்துண்டிருக்கா" என்றேன்.