பையில் வந்த பாம்பு

மார்ச் 29, ஞாயிறு

காலையிலேயே வெயில் சுள்ளென்று. பெருநாள் விருந்தாளிகளெல்லாம் கிளம்பியாகிவிட்டது. இட்லிக்கு ஊற வைத்தது அப்படியே கிடக்கிறது, அரைக்கவில்லை. கோமுகி அணைக்குப் போய்விட்டோம்.

இவர் வழக்கம்போல வண்டியை விட்டு இறங்கவில்லை. செருப்புக் கடைக்காரருக்குப் புல்லில் கால் வைக்கப் பயம். எனக்கு மட்டும் கடையிலிருந்து முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ். "நீ தேடு. கெடச்சா கூப்டாத. வூட்டுக்கு வந்து சொல்லு, போதும்." பதினாறு வருஷக் குடும்பம் இப்படித்தான் ஓடுகிறது.

பார்த்தவை: அரணை 2. ஓணான் 6 (ஆண் ஒன்று, தலை முதல் தோள்வரை செக்கச்செவேல், இணை தேடும் பருவம்). தண்ணீர்ப்பாம்பு 1, மதகு ஓரம், வாயில் கெண்டைக் குஞ்சு. தேரை 1, காய்ந்த சாணிக்கு அடியில், என்மேல் கோபத்தோடு.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவளுக்கு இந்த வேலை எதற்கு என்று அம்மா போனில். எப்படிச் சொல்வது. பாம்புக்கடி என்று வருகிறவர்கள் அடித்த பாம்பையும் பையில் போட்டுக் கொண்டுவந்து, முதலில் என் ஜன்னலில்தான் நீட்டுவார்கள். ஆறு வருஷமாகச் செத்ததையே பார்த்தாயிற்று. உயிரோடு அவை என்ன செய்துகொண்டிருக்கும் என்று பார்க்க ஆசை. அவ்வளவுதான்.

இந்தக் கோடைக்குள் பார்க்க வேண்டியவை: விசிறித் தொண்டை ஓணான். பச்சோந்தி. உடும்பு. மரத்தவளை (ஆஸ்பத்திரி கக்கூஸில் இருப்பது கணக்கில் வராது). வெள்ளிக்கோல் வரையன் (இனி வெ.வ.). கட்டுவிரியன் (க.வி.).

கடைசி இரண்டும் ஒரே மாதிரி. கறுப்பு உடம்பு, வெள்ளைக் கோடு. வெ.வ. அப்பாவி, க.வி. ஆளைக் கொல்லும். இங்கே இரண்டையும் கட்டுவிரியன் என்றே அடிக்கிறார்கள்.

ஏப்ரல் 2, வியாழன்

கூட்டம். சளி, இருமல், சர்க்கரை மாத்திரை. தும்ம நேரமில்லை.

மதியம் வெ.வ. பாடம். கோடு கழுத்தருகே பளிச்சென்று ஆரம்பித்து வால் பக்கம் மங்கினால் வெ.வ. கழுத்தில் மங்கலாகவோ இல்லாமலோ இருந்து, வால் பக்கம் தெளிவாக இரட்டை இரட்டையாக வந்தால் க.வி. முதுகு நடுவில் அறுகோணப் பெரிய செதில் வரிசை இருந்தால் சந்தேகமே இல்லை, க.வி.

மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன். அலமேலு பெருக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். இங்கே துப்புரவு வேலை, மலைக்காரி, என் வயதுதான். "பரிச்ச எழுதப் போறீங்களா மேடம்?" என்றாள். ஞாயிறு மலைக்குக் கூட்டிப் போகிறேன் என்றும் சொன்னாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

கச்சிராயபாளையத்திலிருந்து முதல் பஸ். மேலே ஏற ஏறக் காற்று மாறியது. இவர் வரவில்லை, கடையில் ஸ்டாக் எடுக்கிறாராம். நம்பிவிட்டேன்.

பாறை ஓணான்! பாறைக்குப் பாறை ஒன்று. ஆணுக்கு முதுகு மஞ்சளும் சிவப்பும், கீழே கன்னங்கரேல். ஒருவன் என்னைப் பார்த்துத் தண்டால் எடுத்தான். நானும் பதிலுக்குத் தலையை ஆட்டினேன். அவனுக்குப் பிடிக்கவில்லை, இன்னும் வேகமாக எடுத்தான். அரை மணி நேரம் இதுவே.

அலமேலு மரத்தடியில் உட்கார்ந்து புளியங்காய் தின்றுகொண்டே: "எங்க மாமன் இங்கதான் கீறாரு. கால் ஒடஞ்சி ரெண்டு மாசமா வூட்டுலயே படுத்துக்கினு. அவரப் பாக்க ஒருத்தரும் வர்ல. ஓணானப் பாக்க பஸ் ஏறி வர்றாங்க."

வெட்கமாகிவிட்டது. மாமனையும் பார்த்தோம். சாமைச் சோறு கொடுத்தார்கள். பச்சோந்தி அவர் வீட்டு வேலியிலேயே இருந்தது, அதை மாமன்தான் காட்டினார். ஒரு கண் என்மேல், ஒரு கண் அலமேலுமேல். கிளையில் நடக்கிறதா யோசிக்கிறதா தெரியவில்லை.

கல் புரட்டும் விதம் (எனக்கே நினைவூட்டல்): அந்தப் பக்க விளிம்பைப் பிடித்து நம் பக்கமாகத் தூக்கு. உள்ளே இருப்பது எதிர்ப்பக்கம் ஓடும். பார்த்ததும் கல்லை இருந்தபடியே வை. 23 கல். தேள் 4, அரணை 3, பாம்பு 0.

ஏப்ரல் 9, வியாழன்

சாயங்காலம் திடீர் மழை, முக்கால் மணி நேரம். கரண்ட் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பள்ளத்தில் தண்ணீர் நின்றதோ இல்லையோ, தவளைகள் ஆரம்பித்துவிட்டன. இத்தனை நாள் எங்கே இருந்தன? நேற்றுவரை வெடித்துக் கிடந்த மண். பெரிய தவளை ஆண்கள் எலுமிச்சை மஞ்சளாக மாறியிருந்தன. குரல் மட்டும் நாலு விதம் எண்ணினேன்.

டாக்டரம்மா குடையோடு நின்று, "மேடம், நாளைக்கு ஜுரம்னு என்கிட்டதான் வருவீங்க" என்றார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

விசிறித் தொண்டை ஓணான். வடக்கனந்தல் தாண்டித் தரிசில். கல்மேல் ஏறி நின்று தொண்டையை விரித்தான். நீலம், கறுப்பு, ஆரஞ்சு. விரல் நீள ஆளுக்கு அவ்வளவு அலட்டல். பெண் திரும்பியே பார்க்கவில்லை. வண்டியிலிருந்த இவரைக் கைகாட்டிக் கூப்பிட்டேன், வரவில்லை.

பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் வெட்டு நடக்கிறது. வெட்டுகிற பெண் ஒருத்தி இவரிடம், "உங்க சம்சாரம் இன்னாத்த தொலச்சிட்டாங்க?"

மிச்சம்: உடும்பு, மரத்தவளை, வெ.வ., க.வி.

ஏப்ரல் 15, புதன், காலை 9.20, மருந்து அறை

வெ.வ. கைக்கே வந்துவிட்டது! செத்ததுதான். இருந்தாலும்.

ஸ்டாக் எழுதச் சீக்கிரம் வந்திருந்தேன். 7.45. டாக்டரம்மா இன்னும் வரவில்லை, நர்ஸ் பிரசவ அறையில். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் ஜன்னலுக்கு வந்தார்கள். அவள் பூங்காவனம், நாற்பத்தைந்து இருக்கும், கரும்பு வெட்டுகிறவள். அவர் ஏழுமலை. ஊர் வடக்கனந்தல். விடியற்காலையிலிருந்து அவளுக்கு வயிற்று வலி, இரண்டு தரம் வாந்தி. பாயைச் சுருட்டினால் சுவர் ஓரம் பாம்பு. அடித்து, துணிக்கடைப் பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார்.

"கட்டுவிரியனுங்க. கடிச்ச தடம் ஒண்ணும் தெர்ல. ஆனா அது கடிச்சா தெரியாதுன்றாங்களே."

பையைத் தரையில் கொட்டி, இடுக்கியால் திருப்பிப் பார்த்தேன். கழுத்தில் கோடு பளிச். வால் பக்கம் மங்கல். முதுகில் பெரிய செதில் இல்லை. எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! அவருக்கும் பாடம் எடுத்தேன்.

"அப்ப வெசம் இல்லீங்களா?"

"கண்டிப்பா இல்ல. இது கடிச்சாலும் எறும்பு கடிச்ச மாதிரிதான்."

அந்த மனிதர் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. எட்டரைக்கு டாக்டரம்மா வருவார், பார்த்துவிட்டுப் போங்கள் என்றேன் (போட்டோ எடுத்துக்கொண்டே). வெட்டுக்கு ஆள் குறையும், வண்டி காத்திருக்கிறது, சாயங்காலம் வருகிறோம் என்றார். வயிற்று வலிக்கு இரண்டு மாத்திரை கொடுத்தேன்.

பாவம், அவளுக்குத் தூக்கமே இல்லை போல. கைத்தாங்கலாகத்தான் கூட்டிப் போனார். ஜன்னலில் நின்றபோது இமை பாதி மூடியே இருந்தது, என்னைப் பார்க்க மோவாயைத் தூக்கித்தான் பார்த்தாள், இமை ஏறவே

அதே நாள், மாலை 6

மேலே நின்றுபோன வரியை அப்படியே விடுகிறேன். அங்கேதான் புரிந்தது. தூக்கக் கலக்கத்தில் இமை சொருகும், ஆனால் முயன்றால் திறக்கும். திறக்க முடியாமல் தலையைத் தூக்கிப் பார்ப்பது விஷம் ஏறுவதற்கு அடையாளம். விடியற்காலை வயிற்று வலியும் அதுதான். க.வி.

பாம்பை நான் சரியாகத்தான் சொன்னேன். அவளைக் கடித்தது அந்தப் பாம்பு இல்லை. கண்ணில் பட்டதை அடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் பையை நீட்டினார்கள், நான் பையைப் பார்த்தேன். எதிரில் நின்ற பொம்பளையைப் பார்க்கவில்லை.

டாக்டரம்மாவிடம் ஓடினேன். பாம்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். "பாம்பு இன்னாங்கறது அப்புறம் மேடம். ஆள் எங்க?"

ஆள் எங்கே? சீட்டுகூடப் போடவில்லை. அலமேலுவுக்குத்தான் வீடு தெரிந்திருந்தது. என் ஸ்கூட்டரில் போனோம். ஏழுமலை வெட்டுக்குப் போய்விட்டிருந்தார். ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியாயிற்றே. அவள் மட்டும் தனியாக, பாயில். எச்சில் விழுங்க முடியாமல் வாயோரம் வழிந்துகொண்டிருந்தது. பேச்சு மூக்கால் வந்தது. கூப்பிட்டால் புருவம் மட்டும் ஏறியது, இமை ஏறவில்லை.

பக்கத்து வீட்டு ஆட்டோ. அலமேலு அவள் தலையை ஒருக்களித்து மடியில் பிடித்துக்கொண்டாள். நான் ஸ்கூட்டரில் பின்னால். வழியெல்லாம் சத்தமாக துஆ ஓதினேன், ரோட்டில் யார் பார்த்தால் என்ன.

விஷமுறிவு மருந்துக் குப்பி பத்து. உடைத்துக் கொடுத்தேன். அவசரத்தில் ஒன்று கீழே போனது, பதினொன்று. பிறகு 108, டாக்டரம்மாவும் கூடவே ஏறினார். கள்ளக்குறிச்சி போய்ச் சேருவதற்குள் மூச்சு குறைந்து, மூச்சுப் பையை அமுக்கி அமுக்கித்தான் கொண்டுபோனார்களாம். இப்போது மூச்சு மிஷினில்.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தார். ஆறிவிட்டது.

ஏப்ரல் 16, வியாழன்

மிஷினில்தான்.

டாக்டரம்மாவிடம் என்மேல் புகார் எழுதுங்கள் என்றேன். "எழுதறதுன்னா எழுதிக்கலாம். மொதல்ல அவங்க எழுந்து வரட்டும்" என்றார்.

ஏப்ரல் 17, வெள்ளி

மிஷினில். கை விரலை அசைத்தாளாம்.

ஜன்னலில் யார் வந்தாலும் முகத்தைப் பார்க்கிறேன், கண்ணைப் பார்க்கிறேன். ஒரு தாத்தா, "இன்னாமா அப்டி மொறைக்கிற?"

ஏப்ரல் 18, சனி

அரை நாள் லீவு. வடக்கனந்தல், பூங்காவனம் வீடு. ஏழுமலை கள்ளக்குறிச்சியிலிருந்து உடுப்பு எடுக்க வந்திருந்தார். திட்டுவார் என்றுதான் போனேன். திட்டவில்லை. "செத்த பாம்பத்தான் கொண்டாந்து காட்னமே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அது திட்டைவிட மோசம்.

வீட்டில் இரண்டு பிள்ளைகள் இன்னும் அதே தரையில்தான் படுக்கிறார்கள். கடித்தது உள்ளேயே இருந்தால்? தேடினோம். சுவரை ஒட்டி, கட்ட வாங்கிப் பாதியில் நின்ற செங்கல் அடுக்கு. நான் இடுக்கியும் டார்ச்சும். பின்னால் திரும்பினால் இவர். வண்டியைத் தெருவில் விட்டுவிட்டு, காலில் கடை பூட்ஸ், அளவு பெரிது. "ஒவ்வொண்ணா எட்த்து குடு, நா வாங்கி வெக்கறேன்." கல்லை வாங்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் வாங்கினார்.

நாலாவது வரிசைக்குப் பின்னால் பாம்புச் சட்டை. முழுசாக, வால் நுனிவரை. வெளிச்சத்தில் பிடித்தால் முதுகு நடுவே அறுகோணச் செதில், வரிசையாக. அதற்குக் கீழே மூலையில் அதுவே சுருண்டு கிடந்தது. கறுப்பு என்றால் அப்படியொரு கறுப்பு, எண்ணெய் தடவினதுபோல. தலையைச் சுருளுக்குள் ஒளித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு கூச்சமா அதற்கு. அடிக்கக் கூடாது என்று ஏழுமலையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே, "ஃபாரஸ்டுக்கு போன் போடுங்க. புள்ளைங்க இல்லாத எடமாப் பாத்து வுட்டுடட்டும்" என்றார்.

வந்து பிடித்துப் போனார்கள். போட்டோ எடுக்கவில்லை.

பிள்ளைகளுக்கு இரண்டு கயிற்றுக் கட்டிலும் கொசுவலையும் இவர் ஏற்பாடு.

ஏப்ரல் 19, ஞாயிறு

எங்கும் போகவில்லை. மாவு அரைத்தேன்.

ஏப்ரல் 20, திங்கள்

மிஷினை எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விடுகிறாள். அல்ஹம்துலில்லாஹ். மருந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அலமேலு வெளியே நின்று, "மேடம் ஸ்டாக் எண்றாங்க, அப்புறம் வாங்க" என்று எல்லாரையும் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 22, புதன்

புழுக்கம். மழை வரும்போல இருந்து வரவில்லை.

கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு. கட்டில் ஓரத்தில் ஏழுமலை இல்லை, கஞ்சி வாங்கப் போயிருக்கிறார் என்றாள் பக்கத்துக் கட்டில் அம்மா. ஆரஞ்சுப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். பூங்காவனம் கண்ணை நன்றாகத் திறந்து என்னையே பார்த்தாள். குரல் குழாய் போட்ட புண்ணில் கரகரவென்று வந்தது.

"நீதானம்மா வெசம் இல்லன்னு சொன்னது?"

வழியெல்லாம் என்னென்னவோ பதில் யோசித்து வைத்திருந்தேன்.

"ஆமாங்க. நான்தான்."

அவள் காலை மடக்கிக் கட்டிலில் இடம் விட்டாள்.

"குந்து" என்றாள்.